எழும்பூரில் பார்த்த மண்வெட்டி

விவசாயிகளைச் சுற்றுலா அழைத்துச் செல்வதென்றால் ஆராய்ச்சிப் பண்ணை, விதைப் பண்ணை, மிஞ்சிப்போனால் ஒரு சர்க்கரை ஆலை என்பதே எங்கள் விரிவாக்கத் துறையின் வழக்கம். இம்முறை படப்பை, மணிமங்கலம் பக்கத்துச் சிறு விவசாயிகள் பதினான்கு பேருடன் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்று வந்தேன். "பழைய பானையைப் பார்க்கவா சார் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவது?" என்று ஒருவர் கேட்கத்தான் செய்தார். அவரே பிறகு ஒரு கண்ணாடிப் பேழையின் முன் வெகுநேரம் அசையாமல் நின்றார்.

பல்லாவரம் வந்ததும் வெளியே பார்க்கச் சொன்னேன். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் இங்கே ஒரு சரளைக்கல் குழியில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சான்று அதுதான். அவர் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் இந்த அருங்காட்சியகமே வாங்கியது. நாள்தோறும் கீரைக்கட்டும் கத்தரிக்காய் மூட்டையும் ஏற்றிக்கொண்டு இவ்வழியே போகிறவர்களுக்கு இச்செய்தி புதிதாக இருந்தது.

1851-இல் தொடங்கப்பட்டது இந்த அருங்காட்சியகம். எல்லாவற்றையும் பார்க்க ஒரு நாள் போதாது. உழவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆதிச்சநல்லூர்ப் பொருட்களை. தாமிரபரணிக் கரையில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்தவை அவை. தங்கப் பட்டங்களைப் பார்த்துக் கூட்டம் வியக்கும். நம்மவர்களோ வெண்கல மூடியின் மேல் நிற்கும் எருமையைப் பார்த்து, "கொம்பைப் பார்த்தாயா!" என்று பேசிக்கொண்டார்கள். வாள், ஈட்டிகளோடு மண்வெட்டியும் அங்கே கிடைத்தது. இறந்தவருடன் மண்வெட்டியையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள் என்றால், அவர் மண்ணில் உழைத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நெல் உமியும் சிறுதானிய உமியும் கூட அங்கே கிடைத்தன. அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல்லின் காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்ததில் அது கி.மு. 1155 என்று தெரியவந்ததாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது.

இதைச் சொன்னபோது வயதான அம்மா ஒருவர், "நெல்லு இருந்துது சரி, மிளகா இருந்துதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எந்தத் தாழியிலும் மிளகாய் இருக்காது. அக்காலத்துக் காரம் மிளகுதான். மிளகாய், மக்காச்சோளம், பப்பாளி, சப்போட்டா எல்லாம் மெக்சிகோ, குவாதிமாலா பகுதிகளின் தொல்குடி மக்கள் நமக்குத் தந்தவை. அவர்களில் பெயர் பெற்றவர்கள் மாயா இனத்தார். கற்கோயில்களும் நாள்காட்டியும் அவர்களுக்குப் புகழ் தந்தன. ஆனால் அந்தக் கோயில்களைக் கட்டியவர்களுக்குச் சோறு போட்டது மக்காச்சோளம். மக்காச்சோளம், அதன் தண்டில் படரும் பீன்ஸ், தரையை மூடும் பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து விதைப்பார்கள். இதற்கு மில்பா என்று பெயர். அவர்களுடைய வழியினர் இன்றும் இப்படிப் பயிர் செய்கிறார்கள். நம்முடைய கலப்புப் பயிருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை.

அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டுத்தான் அரைப்பார்கள். அப்போதுதான் அதிலுள்ள நியாசின் என்னும் வைட்டமின் உடலில் சேரும். ஐரோப்பியர் பயிரை மட்டும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளைத் தோல் வெடிக்கும் பெல்லாக்ரா நோய் இரண்டு நூற்றாண்டுகள் வாட்டியது.

நமக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகமும் அதே மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிதான். 2008-இல் அது கோவையில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் பஞ்சு போல் அப்பிக்கொண்டது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பூச்சி வந்ததே தவிர, அதை அங்கே அடக்கி வைத்திருந்த எதிரி வரவில்லை. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து வயல்களில் விட்ட பிறகே மாவுப்பூச்சி அடங்கியது. இந்தக் கதையைக் கேட்ட இருவர் அந்த ஆண்டில் பப்பாளியை வெட்டிப் போட்டவர்களாம்.

பழங்குடியினர் கூடத்தை விரைவாகத்தான் பார்த்தோம். இருளர்களைப் பற்றி நம் மாவட்டத்தாருக்கு அருங்காட்சியகம் சொல்ல வேண்டியதில்லை. வரப்பில் எலி வளை வெட்டுகிறவர்கள் என்றே அவர்களை அறிவோம். ஆனால் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சையும் எடுத்துத் தருகிறது. பாம்புக்கடிக்கு ஊசி மருந்து தயாரிக்க இந்த நஞ்சுதான் வேண்டும். இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

திரும்பும் ரயிலில்தான், காலையில் கேள்வி கேட்டவர் வாய் திறந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் நிலத்தில் பண்ணைக் குட்டை வெட்டியபோது, ஜே.சி.பி. வாயில் ஆள் உயரத் தாழி ஒன்று அகப்பட்டதாம். உள்ளே சாம்பல் நிற மண், சிறு கிண்ணங்கள், துருவேறிய ஓர் இரும்பு. "நிலத்தை சர்க்கார் எடுத்துக்கும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க சார். உடைச்சு கரையில போட்டு மூடிட்டேன். இரும்பைப் பழைய இரும்புக் கடையில போட்டேன். அது இதே மாதிரி மண்வெட்டிதான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நானும் இத்தனை ஆண்டுகளில் உரத்தையும் விதையையும் பற்றித்தான் பேசியிருக்கிறேன். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆட்சியர் அப்பொருளை அரசுக்கு எடுத்துக்கொண்டால், உலோக மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நிலத்தை எடுத்துக்கொள்ள இச்சட்டத்தில் இடமில்லை.

மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்துவிட்ட இடங்களின் நிலை வேறு. அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பல்லாவரத்தில் மனை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஆனால் அப்பகுதிக்குள்ளேயும் ஓர் அடி ஆழத்திற்கு மேல் தோண்டாத சாகுபடிக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடை சொல்லவில்லை. நாட்டுக் கலப்பை அரை அடிகூடப் போகாது. இறக்கைக் கலப்பையும் ஓர் அடிக்குள் அடங்கும். உளிக் கலப்பை, கிணறு, மூன்றடித் தென்னங்குழி ஆகியவைதான் இதில் அகப்படும்.

தாழியோ, வட்டமாகப் புதைந்த பாறைகளோ தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள். கிடைத்ததைக் கழுவ வேண்டாம்; உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்ட வேண்டாம். நெல்லின் வயதைச் சொல்வது அந்த மண்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

அந்த விவசாயியின் மேட்டு நிலத்தில் இன்னும் இரண்டு கல்வட்டங்கள் இருக்கின்றனவாம். ஆடியில் தென்னை வைக்க அங்கேதான் கயிறு பிடித்து அடையாளம் போட்டிருக்கிறார். குழிகளை மேற்கே தள்ளி எடுக்கலாமா என்று கேட்டார். பக்கத்து வரப்புக்கும் கன்றுக்கும் இடைவெளி போதுமா என்று பார்க்க வேண்டும். வரும் சனிக்கிழமை அளவு நாடாவுடன் போகிறேன்.