வீட்டில் விளையாட்டு சர்வர்: வாசல் திறந்தும் ஆள் வராதது ஏன்?

மும்பையில் அப்பா, நெல்லையில் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து 'மைன்கிராப்ட்' விளையாட, மும்பை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நெல்லையிலிருந்து உள்ளே நுழைவதில்தான் சிக்கல்.

வீட்டு இன்டர்நெட் பெட்டியான 'ரவுட்டர்', அழைக்காமல் வருபவரை உள்ளே விடாது. மைன்கிராப்ட் ஜாவா பதிப்புக்கு வழக்கமான வாசல் எண் 25565. அந்த எண்ணுக்கு வருவதை சர்வர் உள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி ரவுட்டரில் 'போர்ட் பார்வர்டிங்' அமைக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் உள்முகவரி மாறாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே முகவரி, பல வீடுகள்

இவ்வளவு செய்தும் பலருக்குப் பலிப்பதில்லை. 'ஐ.பி.வி.4' முறையில் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகப் பொது இருப்பு 2011-லேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. அறை எண் எழுதாமல், சாலின் பெயரை மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்?

கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அது பகிர்வு முகவரி. கம்பெனியிடம் தனி முகவரி கேட்கலாம். இதற்குக் கட்டணம் இருக்கலாம். அல்லது 'டெயில்ஸ்கேல்' போன்ற மென்பொருளை இரு வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் போட்டால் வாசலைத் திறக்கவே தேவையில்லை.

திறந்தால் ஒரே வாசல். 'ஒயிட்லிஸ்ட்'டில் பிள்ளைகள் பெயர் மட்டும். ரவுட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும். திறந்த வாசலில் பிள்ளைகள் மட்டுமா வருவார்கள்? திருடனும் வருவான்!