மாத்திரையும் மஞ்சமும்

மனச்சோர்வு விலகுகிறது, சிலருக்கு ஆசையும் கூடவே போய்விடுகிறது. டாக்டரிடம் யார் சொல்வது?

நாக்ஸ்பேட்டையாக இருந்து மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்ற பெங்களூர் மர்பி டவுன், தமிழர்கள் நிறைந்த பகுதி. நாட்டின் முதன்மையான மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் அதே ஊரில்தான் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். ஆனால் மாத்திரை தொடங்கிய பிறகு படுக்கையறையில் என்ன ஆனது என்பதைச் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.

இது மர்பி டவுனின் கூச்சம் மட்டுமல்ல. ஸ்பெயினில் 344 நோயாளிகளைக் கவனித்து 1997ல் வெளியான ஆய்வில், செக்ஸ் கோளாறைத் தாமாகச் சொன்னவர்கள் 14 சதவிகிதம். டாக்டரே நேரடியாகக் கேட்டபோது அது 58 ஆனது.

ஃப்ளூவாக்ஸ்டின், செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் வேலையைக் கூட்டுகின்றன. சோர்வு குறைகிறது. அதே செரட்டோனின் ஆசையையும் உச்சக்கட்டத்தையும் தாமதப்படுத்தும், சிலருக்கு அடியோடு தடுக்கும். (விந்து முந்துபவர்களுக்கு இதே பாராக்ஸ்டினை டாக்டர்கள் மருந்தாகத் தருவதும் உண்டு.) குழப்பம் என்னவென்றால், மனச்சோர்வே ஆசையைக் கொல்லும் வியாதி. குற்றவாளி நோயா, மாத்திரையா என்பது 'எப்போது தொடங்கியது?' என்று கேட்டால்தான் தெரியும்.

நேர்மாறாகவும் நடக்கும். டிராஸோடோன் சாப்பிட்ட பெண்கள் சிலருக்கு ஆசை கூடியதாக 1980களில் மருத்துவ இதழ்கள் எழுதின. க்ளோமிப்ரமின் சாப்பிட்ட சிலருக்குக் கொட்டாவி விடும்போதே உச்சக்கட்டம் வந்ததாக 1983ல் கனடாவிலிருந்து ஒரு தகவல்! சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் திடீரென்று பொங்கும் ஆசையோடு தூக்கமின்மையும் ஓயாத பேச்சும் கண்டபடி செலவும் சேர்ந்தால், அது மனஎழுச்சி நோயின் தொடக்கமாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பேசாமல் இருப்பதன் விலை பெரிது. கணவருக்குச் சந்தேகம், மனைவிக்குக் குற்ற உணர்வு. ஒருநாள் மாத்திரை சத்தமில்லாமல் குப்பைக்குப் போகிறது. தலைசுற்றல், எரிச்சல், பிறகு பழைய இருட்டு. நிம்ஹான்ஸ் தலைமையில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்த இருட்டைப் பார்த்தவர்.

இத்தனைக்கும் வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், புப்ரோபியான், மிர்டஸாபின் போன்று தொல்லை குறைந்த மருந்துக்கு மாறலாம். டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குப் பிரச்சினை நீடிக்கலாம் என்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி 2019ல் ஐரோப்பிய மருந்து முகமை கூறியது. நோயாளி இதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் நம்மூர் புறநோயாளிப் பிரிவில் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அவரை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்வது டாக்டரின் கையில் இருக்கிறது. நேரில் முடியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலிமானஸ் தொலைபேசி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.