கார்க் கடனை கிரெடிட் கார்டில் அடைக்கலாமா?

கார்க் கடனில் இன்னும் 2 லட்சம் பாக்கி என்று வையுங்கள். ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் மாத வட்டி 1,500 ரூபாய். அதையே கிரெடிட் கார்டுக்கு மாற்றிவிட்டு, கெடு தேதிக்குள் கட்ட முடியாமல் போனால், மாதம் 3.5 சதவீதக் கணக்கில் 7,000 ரூபாய். "45 நாள் வட்டியில்லையே?" என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சலுகை பில்லை முழுசாகக் கட்டுபவருக்கு மட்டுமே. ஏடிஎம்மில் பணமாக எடுத்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஏதாவது ஆப் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தாலும், 2 சதவீதக் கட்டணம் என்றால் 4,000 போய்விடும். 45 நாளில் மிச்சமாகும் கார் வட்டியோ சுமார் 2,250தான். கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவரும் குடும்பங்கள் இந்த வட்டியில் மூழ்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போனஸ் வந்தால் நேராக வங்கியில் கட்டுங்கள், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு. முடித்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கடன் குறிப்பை ஆர்டிஓ அலுவலகத்தில் நீக்கிவிடுங்கள்.