தோள்மீது விழுந்த இரு கைகள்

திரைப்படம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம் குடும்பங்களில் இன்றும் உளர். அவர்களது அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆயினும் நல்ல திரைப்படம் மனித உள்ளத்தை ஆராயத் துணைசெய்யும் என்பதைத் திருச்சபை ஏற்றே வந்துள்ளது. திரைப்படக் கலையின் நூற்றாண்டாகிய 1995-இல், சிறந்த படங்கள் 45 கொண்ட பட்டியல் ஒன்றை வத்திக்கான் வெளியிட்டது. பிரிட்ஸ் லாங் என்னும் இயக்குநர் ஜெர்மன் நாட்டில் உருவாக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ அதில் இடம்பெற்றது. 1890-இல் வியன்னா நகரில் பிறந்து, கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர் அவர். அவருடைய முதற் பேசும் படமாகிய ‘எம்’ 1931-ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் திரையிடப்பட்டது. அது வத்திக்கான் பட்டியலில் இல்லை; சிறுவர் பார்ப்பதற்குரியதும் அன்று. ஆனால் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று அதனுள் இருக்கிறது. அதனை இங்கு நாம் சிந்திப்போம்.

வராத குழந்தை

ஒரு பெருநகரில் சிறுமியர் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போய்க் கொலையுண்டு கிடக்கின்றனர். துணி வெளுத்துப் பிழைக்கும் ஏழைத் தாய் ஒருத்தி, பள்ளி விட்டு வரும் மகள் எல்சிக்காக நண்பகல் உணவைச் சமைத்து, மேசைமீது தட்டை வைத்துக் காத்திருக்கிறாள். கடிகாரம் ஓடுகிறது. மகளின் பெயரைச் சொல்லி மாடியிலிருந்து அழைக்கிறாள். வெறும் படிக்கட்டு, வெறுமையான தட்டு, புதரிலிருந்து உருண்டு வரும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கித் தவிக்கும் பலூன். இயக்குநர் கொலையைக் காட்டவில்லை. ஒரு துளிக் குருதியையும் காட்டவில்லை. ஆயினும் பார்ப்பவர் நெஞ்சு உறைந்துபோகிறது. குற்றத்தைக் கண்ணுக்கு விருந்தாக்கும் படங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே விளங்கிவிடும்.

நகரை அச்சம் ஆட்கொள்கிறது. நண்பர்கள் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். மணி என்ன என்று கேட்ட சிறுமிக்கு விடை சொன்ன குற்றத்திற்காக ஒரு முதியவரைத் தெருவிலே கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. காவல் துறையினர் நகரின் வரைபடத்தில் வட்டமிட்டுத் தேடுகின்றனர், விரற்குறிகளை ஆராய்கின்றனர், இரவு விடுதிகளைச் சோதனையிடுகின்றனர். இச்சோதனைகளால் தொழில் கெட்டுப்போன திருடர் கூட்டம், தானே அக்கொலைஞனைப் பிடிக்கத் திட்டமிடுகிறது. பிச்சைக்காரர்களை நகரெங்கும் தெருத்தெருவாக நிறுத்தி, குழந்தைகளைக் கண்காணிக்கச் செய்கிறது.

கொலைஞனை முதலில் அறிந்துகொள்பவர் பலூன் விற்கும் பார்வையற்ற மனிதர். நார்வே நாட்டு இசைமேதை கிரீக்கின் இசைத்துணுக்கு ஒன்றைச் சீட்டியடிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. எல்சிக்குப் பலூன் வாங்கியவன் அடித்த அதே சீட்டியை அவர் மீண்டும் கேட்டுவிடுகிறார். உடனே இளைஞன் ஒருவன் அவனைப் பின்தொடர்கிறான். தன் உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் ‘எம்’ என்று எழுதி, தற்செயலாக மோதியவன்போல் அவன் தோளில் தட்டுகிறான். கொலைஞனைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து அது. அவ்வெழுத்தைச் சுமந்து திரிவதைக் கண்ணாடியில் காணும்போது, நடிகர் பீட்டர் லோரேயின் விழிகள் அச்சத்தால் பிதுங்குகின்றன. அதுவரை வேட்டையாடியவன் இப்போது வேட்டையாடப்படுகிறான்.

நிலவறை நீதிமன்றம்

பாழடைந்த சாராய ஆலையின் நிலவறையில் திருடர்கள் அவனை விசாரிக்கின்றனர். தலைமை தாங்குபவனே கொலைக் குற்றங்களுக்காகத் தேடப்படுபவன்! “நீங்கள் விரும்பித் தீமை செய்கிறீர்கள், எனக்கோ என் உள்ளே எரியும் தீயிலிருந்து தப்ப வழியில்லை” என்னும் பொருள்படக் கொலைஞன் கதறுகிறான். அவன் சார்பில் பேசும் ஒருவர், நோயுற்றவனை மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டுமேயன்றிக் கொல்லலாகாது என்று வாதாடுகிறார். கூட்டம் நகைக்கிறது. பிள்ளையை இழந்தவர்களின் துயரத்தைக் கேளுங்கள் என்று ஒரு பெண் குரலெழுப்புகிறாள். அவளுடைய குரலை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. மன்னிப்பைப் பற்றிப் பேசுவோர் முதலில் அந்த வெறுமையான தட்டின்முன் அமைதியாய் நிற்க வேண்டும்.

கூட்டம் அவன்மீது பாயும் வேளையில் காவலர் வந்துவிடுகின்றனர். மீண்டும் ஒரு கை அவன் தோளில் விழுகிறது; சட்டத்தின் பெயரால் அவனைப் பற்றுகிறது. அதே தோள், இரு கைகள். ஒன்று பழிவாங்கக் குறியிட்டது. மற்றது கூட்டத்திடமிருந்து பிரித்து நீதிமன்றத்திற்கு இட்டுச் செல்கிறது.

காயின்மீது இடப்பட்ட அடையாளம்

தொடக்க நூலின் நான்காம் அதிகாரத்தை அறிந்தோர்க்கு இங்கே காயின் நினைவுக்கு வராமல் இரான். உடன்பிறந்தானைக் கொன்ற அவன்மீதும் ஓர் அடையாளம் இடப்பட்டது. இட்டவர் இறைவன். எதற்காக? அவனைக் காண்பவர் எவரும் கொன்றுவிடாதிருப்பதற்காக! ஆபேலின் குருதியை இறைவன் மறந்துவிடவில்லை. காயின் தண்டனை பெற்றே அகன்றான். ஆயினும் அவனுடைய உயிரை மனிதரின் சினத்திற்கு விட்டுக்கொடுக்க இறைவன் இசையவில்லை.

இது வெறும் மென்மையான எண்ணம் என்று சிலர் கூறலாம். அந்நாட்டு வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. 1933-இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். லாங்கும், யூதக் குடும்பத்தில் பிறந்த லோரேயும் அவ்வாண்டே நாட்டைவிட்டு வெளியேறினர். 1934-இல் படம் தடைசெய்யப்பட்டது. 1940-இல் நாசிகள் யூதரைப் பழிக்கும் படம் ஒன்றை எடுத்தபோது, லோரே கதறும் காட்சியை அதில் சேர்த்தனர். நடித்த மனிதரையே கொலைஞராகக் காட்டிய கொடுமையை என்னென்பது? மேலும், யாதொரு குற்றமும் செய்யாத மனநோயாளரும் ஊனமுற்றோரும் 70,000-க்கு மேற்பட்டோர் 1941 ஆகஸ்டுக்குள் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். அம்மாதம் 3-ஆம் நாள் மூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் வான் காலென் மறையுரை மேடையிலிருந்தே அக்கொலைகளைக் கண்டித்தார். 2005-இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். இன்னார் வாழத் தகுதியற்றவர் என்று கூட்டம் ஒருமுறை தீர்ப்பிட்டுவிட்டால், அத்தீர்ப்பு குற்றவாளியோடு நிற்பதில்லை. மரண தண்டனை ஏற்கத் தகாதது என்று 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியதன் அடிப்படை, எவரும் இழந்துவிட முடியாத இந்த மனித மாண்பேயாம்.

காவல் யாருடையது?

படத்தின் இறுதியில் நீதிபதிகள் அமர்கின்றனர். தீர்ப்பை நாம் கேட்பதில்லை. கறுப்பு உடையணிந்த தாய்மாரையே காண்கிறோம். எத்தண்டனையும் இறந்த குழந்தைகளைத் திருப்பித் தராது என்றும், குழந்தைகளை இன்னும் கருத்தாய்க் காக்க வேண்டும் என்றும் எல்சியின் தாய் சொல்லி அழுகிறாள்.

அவள் கவனமற்ற தாய் அல்லள். வயிற்றுப்பாட்டுக்கான வேலை அவளை வீட்டிலேயே கட்டிப்போட்டது. எனவே காவலை அவள் தலைமேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது. தங்கள் ஆதாயத்திற்காகத் திருடர்கள் நகரின் குழந்தைகளையெல்லாம் கண்காணிக்க முடிந்ததே! அன்பின் பெயரால் ஒரு பங்குக் குடும்பம் அதைச் செய்ய இயலாதா? இவ்வுலகின் மக்கள் ஒளியின் மக்களைவிட விவேகமுள்ளவர்கள் என்று ஆண்டவர் சுட்டியது இங்கும் பொருந்துகிறது.

அயலாரை மட்டும் ஐயுறுவதும் காவல் ஆகாது. எல்சிக்குப் பலூன் வாங்கித் தந்தவன் கனிவாய்ப் பேசும் மனிதனாகவே தோன்றினான். திருப்பணியாளர் சிலராலேயே குழந்தைகள் துன்புற்றதையும், அது மறைக்கப்பட்டதையும் உலகம் அறியும். இத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டாயக் கடமை என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டம் வகுத்தார். ஆகவே குழந்தை ஒன்று தயங்கித் தயங்கி ஏதேனும் சொல்லுமாயின், அதட்டி வாயடைக்காதீர்கள், முழுமையாகக் கேளுங்கள். ஐயம் எழுந்தால் உரிய அதிகாரிகளிடம் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒருவரது படத்தைப் பரப்பி அவர் தோளில் குறியிடாதீர்கள்.

வேலைக்குச் செல்லும் தாய் ஒருத்தி உங்கள் தெருவிலும் இருப்பாள். அவளுடைய பிள்ளை பள்ளி விட்டு வந்து சேர்ந்ததா என்று இன்று மாலை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.