மில் ஏன் பாபநாசத்துக்குப் போனது?

எறணாகுளம் பிராட்வேயை நில உருவ வரைபடத் தாளான டோப்போ ஷீட்டில் தேட 58 சி/5 என்ற தாளை எடுக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறை நாட்டை 4 பாகைக் கட்டங்களாக வெட்டி எண் கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் பதினாறாகப் பிரித்தால் எழுத்து. அதையும் பதினாறாக்கினால் கடைசி எண். பிராட்வே பக்கம் தரை தட்டை. சம உயரக் கோடு ஒன்றுகூட ஓடாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 58 எச்/6 வேறு மாதிரி. பொதிகையிலிருந்து தாமிரபரணி இறங்கும் இடத்தில் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று முட்டுகின்றன. கோடு நெருங்கினால் சரிவு செங்குத்து என்று அர்த்தம். வற்றாத நீருக்கு நீலம். கோடையில் காயும் ஓடைக்குக் கறுப்பு. நீலக் கோடு பழுப்பு நெருக்கத்தை அறுத்துக்கொண்டு சமவெளியில் விழும் இடம்தான் பாபநாசம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே நூற்பாலை வைத்ததன் காரணம் தாளிலேயே இருக்கிறது: இரண்டு பருவமழையும் ஊட்டும் ஆறு, விழுகிற உயரம், அந்த விசையில் சுழலும் டர்பைன். அம்பாசமுத்திரத்துக்கு அப்போது ரயில்கூட வரவில்லை.

அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய தாள்களுக்காக, முக்காலியில் பொருத்திய பலகையோடு சர்வேயர் காட்டில் நடந்தார். பலகையில் தாளை ஒட்டி, தூரத்துக் குன்றைக் குறிபார்த்து, நின்ற இடத்திலேயே பென்சிலால் வரைவார். ஏற்ற இறக்கக் கோணத்துக்கு கிளினோமீட்டர். குறித்த உயரங்களுக்கு நடுவே கோட்டை வளைத்தது அவர் கண்தான்; இதை மறந்துவிட்டு ஒவ்வொரு வளைவையும் வேதவாக்காக எடுக்கக் கூடாது.

பதிப்பு ஆண்டையும் பார்க்க வேண்டும். 1940களில் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. அதற்கு முந்தைய தாளில் மேலணை நீர்த்தேக்கம் இருக்காது.

கோயம்புத்தூரில் இந்த வாசிப்பு எடுபடாது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வறண்ட மேட்டு நிலத்திலும் முளைத்தன. அங்கே தேட வேண்டியது ஆற்றை அல்ல, மின்கம்பிப் பாதையை. அதற்கும் தாளில் குறியீடு உண்டு.

தறிக்குத்தான் குறியீடு இல்லை. வீரவநல்லூர் நெசவாளர் தெருக்கள், அடுத்த தாளான 58 எச்/10இல், மற்ற எல்லாத் தெருக்களையும் போலச் சிவப்புக் கட்டங்கள் மட்டுமே.