வெள்ளம் வடிந்த பின்னும் கிணற்றில் நிற்கும் ஆபத்து

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மன்னாரையும் மூழ்கடித்தது. அருவியாறு பெருகி, குளங்கள் வான் பாய்ந்தால் உயிலங்குளம் போன்ற பெருநிலப்பரப்புக் கிராமங்களுக்கு ஆபத்து. மன்னார் தீவில் நிலைமை வேறு. அங்கே பெய்த மழையே வடிய வழியின்றித் தேங்குகிறது. தரை கடல்மட்டத்துக்குச் சற்றே மேல். நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. மாரியில் நிலம் ஊறிவிட்டால், அடுத்த மழை மண்ணுக்குள் இறங்காது.

அப்போது மலசலகூடக் குழியும் நிரம்பும். கழிவு வெள்ளத்தோடு கலந்து முற்றத்துக்கும் கிணற்றுக்கும் பரவும். வெள்ளத்தின் பின் வயிற்றோட்டம் பரவ இது முக்கிய காரணம்.

இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் பலர் காணியை மண் போட்டு உயர்த்தியே வீடு கட்டினார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாய்க்காலையும் மதகையும் சேர்த்து மூடினால், நம் முற்றத்து நீர் அயல் வீட்டுக்குள் போகும்.

ஐப்பசிக்கு முன்பே வடிகான்களைத் துப்புரவாக்கும்படி நகர சபையிடமும் பிரதேச சபையிடமும் ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டும். குழியின் மூடியையும் கிணற்றுக் கட்டையும் வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்துவது நல்லது. வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுக்குக் குளோரின் இடுங்கள். அதுவரை, தெளிவாகத் தெரிந்தாலும், அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம்.