கெண்டோ

கெண்டோ என்பது மூங்கில் வாளும் கவசமும் கொண்டு பயிலப்படும் ஜப்பானியத் தற்காப்புக் கலை ஆகும். 'கென்' என்பது வாளையும் 'டோ' என்பது வழி அல்லது நெறியையும் குறிக்கும். சாமுராய்கள் பயின்ற கென்ஜுட்சு என்னும் வாள்வித்தையிலிருந்து இது வளர்ந்தது. இக்கலையில் எதிராளியின் மேல் வாள் படுவது மட்டும் புள்ளி ஆகாது. எந்த மனநிலையில், எந்த உடல்நிலையில் அடி விழுந்தது என்பதும், அடித்தபின் வீரர் எவ்வாறு நின்றார் என்பதும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

வரலாறு

பழைய வாள்வித்தைப் பள்ளிகளில் மரவாள் அல்லது உண்மை வாளைக் கொண்டு, முன்கூட்டியே வகுத்த அசைவுகளே பயிலப்பட்டன. முழு வேகத்தில் மோதினால் காயமோ உயிரிழப்போ நேரக்கூடும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜிகிஷின்காகே மரபைச் சேர்ந்த நாகானுமா குனிசாட்டோ மூங்கில் வாளையும் கவசத்தையும் மேம்படுத்திப் பயிற்சியில் புகுத்தினார். இதனால் அஞ்சாமல் முழு வேகத்தில் மோதிப் பழக முடிந்தது. இன்றைய கெண்டோவின் வடிவம் இங்கிருந்தே தொடங்குகிறது.

மெய்ஜி ஆட்சியில் சாமுராய் வகுப்பு தன் சலுகைகளை இழந்தது. 1873-இல் சாகாகிபாரா கென்கிச்சி, வேலையிழந்த வாள்வீரர்களைத் திரட்டிக் கட்டணக் காட்சிப் போட்டிகளை நடத்தினார். 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவது தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு நடந்த சத்சுமா கிளர்ச்சியில் காவலர்களின் வாட்படை சிறப்பாகப் போரிட்டதால், காவல்துறையில் வாள்பயிற்சிக்கு மீண்டும் மதிப்பு கிடைத்தது. 1895-இல் கியோத்தோவில் தற்காப்புக் கலைகளுக்கான தாய் நிப்பொன் புட்டோக்குகாய் என்ற அமைப்பு நிறுவப்பட்டது. பின்னர் அது வாள்வித்தையின் பெயரைக் கெண்டோ என மாற்றியது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கெண்டோ இராணுவப் பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்டது. எனவே, போருக்குப் பின் நேச நாடுகளின் ஆட்சியில் பள்ளிகளில் அது தடை செய்யப்பட்டது. புட்டோக்குகாய் அமைப்பும் 1946-இல் கலைக்கப்பட்டது. தடைக்காலத்தில், போர்ச்சாயல் நீக்கப்பட்ட 'ஷினாய் போட்டி' என்ற விளையாட்டு உருவானது. 1952-இல் அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்தபின் கெண்டோ பொதுவாழ்வுக்குத் திரும்பியது. வாளின் நெறிகளைக் கடைப்பிடித்து மனிதப் பண்பைச் செம்மைப்படுத்துவதே கெண்டோவின் கருத்து என 1975-இல் இச்சம்மேளனம் வரையறுத்தது.

கருவிகள்

பயிற்சி வாளின் பெயர் ஷினாய். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோலால் கட்டி இது செய்யப்படுகிறது. பெரியவர்களின் ஷினாய் ஏறத்தாழ 120 செ.மீ. நீளம் கொண்டது. அதன் ஒரு பக்கத்தில் ஓடும் நாண், வாளின் மழுங்கிய முதுகுப்பக்கத்தைக் காட்டும். அதற்கு எதிர்ப்பக்கமே கூர்முனையாகக் கருதப்படுவதால் அடி அந்தப் பக்கத்தால்தான் விழ வேண்டும்.

கவசத்தில் நான்கு உறுப்புகள் உள்ளன. தலை, முகம், தொண்டை ஆகியவற்றைக் காப்பது மென். கைகளைக் காப்பது கோத்தே. மார்பையும் வயிற்றையும் காப்பது டோ. இடுப்பைக் காப்பது தாரே. பட்டை பிளந்த ஷினாயின் சிலாம்பு முகக்கம்பிகளின் இடைவெளியில் புகுந்து கண்ணைக் காயப்படுத்தக்கூடும். ஆகையால் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் ஷினாயைச் சோதிப்பது கட்டாயமாகும்.

பயிற்சி முறை

தொடக்க மாணவருக்கு உடனே கவசம் அணிவிக்கப்படுவதில்லை. வணங்கும் முறை, வாளைப் பிடிக்கும் முறை, கால் நகர்த்தல், வாளை வீசுதல் ஆகியவை முதலில் கற்பிக்கப்படும். வலக்கால் முன்னும் இடக்கால் பின்னும் இருக்க, இடக்குதிகாலைச் சற்று உயர்த்தி, பாதங்களைத் தரையோடு தேய்த்து நகர வேண்டும். இடக்கை பிடியின் அடிப்பகுதியைப் பற்றும். வலக்கையின் பலத்தால் அடிக்க முயல்வது புதியவர்களிடம் பொதுவாகக் காணப்படும் பிழையாகும். இடக்காலால் உந்திப் பாய வேண்டியிருப்பதால் அக்காலின் குதிநாண் காயமடைவதும் உண்டு.

வீச்சுப் பயிற்சிக்குப் பின் தொடர் அடிகளும் கட்டற்ற மோதலும் பயிலப்படும். இவற்றோடு, 1912-இல் வகுக்கப்பட்ட பத்து காத்தா என்னும் அசைவுத் தொகுதிகளும் மரவாள் கொண்டு கற்பிக்கப்படுகின்றன. மூங்கில் வாள் உண்மை வாளுக்கு மாற்று என்பதை மறக்காமலிருக்க இவை துணைபுரிகின்றன.

செல்லுபடியாகும் அடி

தலை, மணிக்கட்டு, விலாப்பக்கம் ஆகியவற்றில் அடிக்கலாம், தொண்டையில் குத்தலாம். குரலில் வெளிப்படும் உறுதி, வாள், உடல் ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் ஒன்றிணைய வேண்டும். அடித்த பின்னும் எதிராளியின் மீதான கவனம் குறையக்கூடாது. இவ்விழிப்பு நிலைக்கு ஸான்ஷின் என்று பெயர். புள்ளி பெற்றதும் கையை உயர்த்தி ஆரவாரம் செய்தால், வழங்கப்பட்ட புள்ளி திரும்பப் பெறப்படலாம்.

தனிநபர் போட்டியில் முதலில் இரண்டு புள்ளிகள் பெறுபவர் வெல்வார். மூன்று நடுவர்கள் சிவப்பு, வெள்ளைக் கொடிகளால் தீர்ப்பளிப்பர்.

படிநிலைகள்

கெண்டோவில் வண்ணப் பட்டிகள் இல்லை. கியூ எனும் தொடக்க நிலைகளை அடுத்து டான் எனும் நிலைகள் உள்ளன. முதல் டான் தேர்வை 13 வயது முதல் எழுதலாம். ஒவ்வொரு டானுக்கும் இடையே குறித்த ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதல் டானிலிருந்து எட்டாம் டான் தேர்வுக்குத் தகுதி பெறக் குறைந்தது 31 ஆண்டுகள் ஆகும். 46 வயதும் நிறைந்திருக்க வேண்டும். அத்தேர்வில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே தேர்ச்சி பெறுகின்றனர். தேர்வில் நடக்கும் மோதலில் வெற்றி தோல்வி அறிவிக்கப்படுவதில்லை. ஆட்டத்தின் தரமே மதிப்பிடப்படுகிறது.

உலகப் போட்டிகள்

சர்வதேச கெண்டோ சம்மேளனம் 1970-இல் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் முதல் உலகப் போட்டி ஜப்பானில் நடைபெற்றது. 2006-இல் தைப்பேயில் நடந்த போட்டியில் ஜப்பானிய ஆண்கள் அணி அரையிறுதியில் அமெரிக்காவிடம் தோற்றது. தென்கொரியா பட்டம் வென்றது.

கெண்டோ ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறவில்லை. பதக்கமே குறிக்கோளானால், பார்வையாளருக்கும் கருவிகளுக்கும் எளிதில் புலப்படும் தொடுகை மட்டும் எஞ்சி, ஸான்ஷின் போன்றவை மறைந்துவிடும் என்ற அச்சம் கெண்டோ பயில்வோரிடையே உண்டு. உலக அளவில் பரவ விதிகளை எளிமையாக்க வேண்டும் என்று கருதுவோரும் உள்ளனர். பண்புப் பயிற்சியாகவும் போட்டி விளையாட்டாகவும் ஒருங்கே நிலைப்பது எப்படி என்பது இக்கலையின் முன் இன்றும் உள்ள கேள்வியாகும்.